அவசரம் யாருடையது?

சென்ற வாரம் ஒரு மாலைப்பொழுதில் வாலிபர் ஒருவர் நமது காரியாலயத்துக்கு வந்தார். வயது 21. ஆம்பூரில், ஜனங்கள் ஷூ கம்பெனி என்று சொல்லும் பாதரட்சைத் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் வேனை ஓட்டுவது அவருடைய ஜீவனம். பள்ளிகொண்டா, மாதனூர் பக்கத்துக் கிராமங்களில் விடியற்காலையில் புறப்பட்டு, ஊருக்கு இரண்டு பேர் மூன்று பேராகப் பதினைந்து பெண்களை ஏற்றிக்கொண்டு, தொழிற்சாலையின் வாசற்கதவு சாத்தப்படுமுன் கொண்டு சேர்க்கவேண்டும். அவர் கையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. இரண்டும் அதிவேகத்துக்காக வந்த அபராத அறிவிப்புகள். சலான் என்று எல்லோரும் அழைப்பவை. வேன் சொந்தக்காரரின் பெயருக்கு வந்த அவ்விரண்டையும் அவர் இந்த வாலிபர் கையில் கொடுத்து, “சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம்.

“சார், இதில் ஒன்று நான் செய்ததுதான். மற்றது நான் செய்யவில்லை. அந்தத் தேதியில் வண்டி வாணியம்பாடியில் மெக்கானிக் ஷெட்டில் கிடந்தது. ஆனால் கோர்ட்டுக்கு நடந்தால் இரண்டு நாள் கூலி போய்விடும். பேசாமல் இரண்டையும் கட்டிவிடட்டுமா?” என்று கேட்டார்.

கேள்வி சிறியதாகத்தான் தோன்றும். ஆயினும் இராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையை ஒட்டிச் செல்லும் இந்தச் சென்னை-பெங்களூர் ராஜபாட்டையில் தினந்தோறும் எத்தனை வாலிபர்கள் இதே கேள்வியைத் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டு, பதிலும் தாங்களே சொல்லிக்கொண்டு, பணத்தைக் கட்டிவிட்டுப் போகிறார்கள்! வேறு சிலர், செய்த குற்றத்தையும் செய்யவில்லையென்று சாதித்துத் தப்பித்துக்கொள்வதே சாமர்த்தியம் என்று எண்ணுகிறார்கள். இவ்விரு சாராருக்கும் நமது அபிப்பிராயத்தைச் சொல்லுவது அவசியமென்று கருதுகிறோம். அதற்கு முன்பு, நாம் யாரென்பதையும் சற்று ஒப்புக்கொண்டு விடுதல் நலம்.

நமது பழைய வழக்கு

இருபது வருஷங்களுக்கு முன்பு நாமும் வாலிபராக இருந்தோம். சட்டக் கலாசாலையில் படித்துக்கொண்டிருந்த காலம். சிநேகிதர் ஒருவருடைய மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு, காற்று காதில் சீழ்க்கையடிக்க, வேலூரை நோக்கி வந்துகொண்டிருந்தோம். சாலையோரத்தில் நின்றிருந்த போலீஸ் உத்தியோகஸ்தர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவரிடம் வேகத்தை அளக்கும் கருவி எதுவும் கிடையாது. தம் கண்ணால் கண்டதைக் கொண்டு, நாம் வரம்பு மீறிய வேகத்தில் வந்ததாக எழுதிக்கொண்டார்.

அக்காலத்தில் அந்தக் குற்றத்துக்கு முதல் தடவை விதிக்கக்கூடிய அபராதம் 400 ரூபாய் வரைதான். கட்டியிருக்கலாம். ஆனால் நாம் சட்டம் படிக்கிற பிள்ளையல்லவா! 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 183ஆவது பிரிவைப் புரட்டினோம். வேகம் வரம்பு மீறியது என்று ஒரே ஒரு சாட்சி தம் அபிப்பிராயத்தைச் சொல்வதை மட்டும் கொண்டு எவரையும் தண்டிக்கக் கூடாது. அந்த அபிப்பிராயம் ஏதாவதொரு கருவியைக் கொண்டு செய்த கணிப்பை ஆதாரமாகக் கொண்டிருக்கவேண்டும் என்று அங்கே தெளிவாக எழுதியிருந்தது. மாஜிஸ்திரேட்டின் முன்பு நாமே எழுந்து நின்று அந்தப் பிரிவை வாசித்தோம். “கருவி உண்டா?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார். “இல்லை” என்றார் உத்தியோகஸ்தர். வழக்குத் தள்ளுபடியாயிற்று.

கோர்ட்டு வாசற்படியில் இறங்கும்போது நமக்குத் தரையில் கால் பாவவில்லை. வீட்டுக்குச் சென்று தந்தையாரிடம் வெற்றியை விஸ்தாரமாக வர்ணித்தோம். அவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி. நீ எவ்வளவு வேகத்தில் வந்தாய்?” என்றார்.

நாம் பதில் சொல்லவில்லை. ஏனெனில் நாம் உண்மையில் வேகமாகத்தான் வந்தோம். வேகமானியின் முள் எங்கே நின்றதென்பது நமக்குத் தெரியும். அந்த உத்தியோகஸ்தரின் கண் பொய் சொல்லவில்லை என்பதும் தெரியும். சட்டப்படி நாம் ஜெயித்தது நியாயமே. ஆதாரமில்லாமல் தண்டிப்பதில்லை என்ற விதி, நம்மைக் காட்டிலும் ஏழையான ஆயிரம் பேருக்கு அரணாக நிற்பது. ஆனால் அந்த அரணுக்குள் நாம் ஒரு பொய்யோடு புகுந்தோம். அன்று கேட்ட கேள்விக்கு இத்தனை வருஷங்கள் கழித்து இங்கே பதில் எழுதுகிறோம்.

அறிவிப்பு வேறு, தீர்ப்பு வேறு

இனி விஷயத்துக்கு வருவோம். சலான் வந்தவுடனேயே தண்டனை வந்துவிட்டதென்று நம்மவர் நினைத்துக்கொள்கிறார்கள். அது பெரும் பிசகு. அது ஒரு குற்றச்சாட்டு, அவ்வளவே. ஒப்புக்கொண்டு பணம் கட்டலாம். ஒப்புக்கொள்ளாமல் நியாயஸ்தலத்தில் விசாரணை கோரலாம். இவ்விரண்டும் பிரஜைக்குச் சட்டம் கொடுத்துள்ள வழிகள். இரண்டாவது வழியில் செல்பவன் சர்க்காருக்கு விரோதியல்லன்.

வேகத்துக்கு அபராதம் விதிப்பது பழைய வழக்கம். உலகத்தில் அதிவேகத்துக்காகத் தண்டிக்கப்பட்ட முதல் மோட்டார் ஓட்டி என்று சொல்லப்படுபவர் வால்டர் ஆர்னால்டு என்னும் ஆங்கிலேயர். 1896ஆம் வருஷம் ஜனவரி 28ஆம் தேதி, கெண்ட் பிரதேசத்திலுள்ள பாடக் உட் என்ற ஊரில், மணிக்கு 2 மைல் என்று வரம்பிருந்த இடத்தில் அவர் 8 மைல் வேகத்தில் சென்றார். போலீஸ் சேவகர் ஒருவர் சைக்கிளில் துரத்திப் பிடித்தார். வேகத்துக்காக விதிக்கப்பட்ட அபராதம் ஒரு ஷில்லிங். அதே வருஷத்தின் இறுதியில் அந்நாட்டார் வரம்பை 14 மைலாக உயர்த்தினார்கள். இன்று 8 மைல் வேகத்தைக் கேட்டால் நமது மாட்டுவண்டிக்காரரும் சிரிப்பார். ஆயினும் அன்று எழுந்த இரண்டு கேள்விகள் இன்றும் மாறவில்லை. அந்த இடத்தில் வரம்பு எவ்வளவு? அதை மீறியதை எப்படி அளந்தீர்கள்?

சைக்கிளில் துரத்திய சேவகரின் இடத்தில் இன்று காமிரா நிற்கிறது. காமிராவுக்குத் தூக்கமில்லை, லஞ்சமில்லை, வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேதமுமில்லை. இவை பெரிய குணங்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் காமிராவும் ஒரு சாட்சிதான். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் தீர்ப்பளிக்கும் வழக்கம் நமது சட்டத்தில் கிடையாது. 2021ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் செய்த விதிகளை எடுத்துப் பாருங்கள். மின்கருவியைக் கொண்டு சாலையைக் கண்காணிப்பதானால், அந்தக் கருவிக்கு அங்கீகாரச் சான்று இருக்கவேண்டும்; அச்சான்று வருஷந்தோறும் புதுப்பிக்கப்படவேண்டும்; கண்காணிப்பு இருப்பதை ஜனங்களுக்குத் தெரிவிக்கும் பலகை அந்தச் சாலையில் கண்ணில் படும்படி வைக்கப்படவேண்டும்; குற்றத்தையும் வண்டி எண்ணையும் தெளிவாகக் காட்டும் படம், கருவி அளந்த அளவு, தேதி, நேரம், இடம், மீறப்பட்ட பிரிவு ஆகியவை அறிவிப்புடன் வரவேண்டும்; குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்படவேண்டும் என்று அவை விதித்தன. சர்க்கார் தன் கையைத் தானே கட்டிக்கொண்ட கயிறுகள் இவை. அக்கயிறுகள் அவிழாமலிருக்கின்றனவா என்று பார்ப்பது பிரஜையின் வேலை.

இது வீண் சந்தேகமன்று. 2019ஆம் வருஷம் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையில் டில்லியில் நடந்ததைக் கேளுங்கள். நிஜாமுதீன் பாலத்துக்கும் காஜிப்பூருக்கும் இடையே செல்லும் நெடுஞ்சாலையில் வேக வரம்பு 70 கிலோமீட்டர் என்று பலகை சொல்லிற்று. காமிராவோ 60 கிலோமீட்டரை வரம்பாக வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தது. பலகையை வைத்தது ஓர் இலாகா. காமிராவை வைத்தது மற்றோர் இலாகா. பலகையை நம்பி 65 கிலோமீட்டரில் சென்றவன் குற்றவாளியானான். முடிவில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் அறிவிப்புகளை வாபஸ் பெறுவதாகப் போலீஸார் தெரிவிக்கும்படி ஆயிற்று. தலைநகரிலேயே இப்படியென்றால், மாதனூர்ப் பக்கத்து வேன் ஓட்டி ஒருவர், “அன்று என் வண்டி ஷெட்டில் கிடந்தது” என்று சொல்வதை எடுத்த எடுப்பில் தள்ளிவிட யாருக்கு நியாயம் உண்டு?

வந்த வாலிபரின் இரண்டாவது அறிவிப்பை வாங்கிப் பார்த்தோம். படத்தில் எண் பலகையின் கடைசி இலக்கம் மங்கியிருந்தது. 3 என்றும் படிக்கலாம். 8 என்றும் படிக்கலாம். மெக்கானிக் கொடுத்த ரசீதில் தேதி இருந்தது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பேசாமல் பணம் கட்டுவதென்பது, சர்க்காரின் பிழையைச் சர்க்காருக்குத் தெரியாமல் மறைப்பதாகும். அதே பிழை நாளைக்கு வேறொருவன் தலையில் விழும். 2019ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பின், இலகு ரக வண்டிக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரையிலும், நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். இரண்டாம் முறை அகப்பட்டால் லைசென்சுக்கே ஆபத்து. கையெழுத்திட்டு ஒப்புக்கொள்ளும் பொய்யான குற்றம் ஒன்று, உண்மையான அடுத்த குற்றத்தை இரண்டாவதாக்கிவிடும். ஸ்டீரிங் பிடித்துப் பிழைப்பவனுக்கு லைசென்சு போனால் அடுப்பெரியாது.

முதல் அறிவிப்பு

ஆனால் முதல் அறிவிப்பு? அதில் படம் தெளிவு, எண் தெளிவு, நேரம் விடியற்காலை. “அதையும் ஏதாவது சொல்லித் தள்ளிவிட முடியுமா சார்?” என்று அவர் கேட்கவில்லை, எனினும் கேட்க நினைத்தாரென்பது முகத்தில் தெரிந்தது. இருபது வருஷங்களுக்கு முன்பு நமது முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அதனால் நாமே முந்திக்கொண்டு, “தம்பி, அதைக் கட்டிவிடுங்கள்” என்றோம்.

காரணம் சொல்லுகிறோம். மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் வருஷத்தில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துக்கள் நடந்தன. மாண்டவர் 1,68,491 பேர். மாண்டவர்களில் நூற்றுக்கு 71 பேர் அதிவேகத்தினால் நேர்ந்த விபத்துக்களில் மாண்டவர்கள். விபத்துக்களின் எண்ணிக்கையில் அவ்வருஷம் முதலிடம் பெற்ற மாகாணம் எது? நமது தமிழ்நாடு. 64,105 விபத்துக்கள், 17,884 உயிர்கள். நெடுஞ்சாலையோரத்து ஊர்களில் வசிக்கும் நமக்கு இவை வெறும் இலக்கங்களல்ல.

வேகத்தின் கணக்கு விசித்திரமானது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் செல்லும். 80 கிலோமீட்டரில் 22 மீட்டர். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. ஆனால் மோதும் சக்தி முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. இதற்கு ஈடாகக் கிடைக்கும் லாபம் என்ன? இருபது கிலோமீட்டர் தூரத்தை 60 வேகத்தில் 20 நிமிஷத்தில் கடக்கலாம். 80 வேகத்தில் 15 நிமிஷத்தில் கடக்கலாம். லாபம் ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்துக்காகப் பணயம் வைக்கப்படுவது பின்னால் உட்கார்ந்து, தூக்கக் கலக்கத்தில் தலை சாய்ந்திருக்கும் பதினைந்து பெண்களின் உயிர்.

இதைச் சொன்னபோது அந்த வாலிபர் தலை குனிந்துகொண்டார். சற்று நேரம் கழித்து, “ஐந்து நிமிஷம் தாமதமானால் கதவைச் சாத்திவிடுவார்கள் சார். அந்த அக்காமார்களுக்கு அரை நாள் கூலி போகும். அவர்களே, கொஞ்சம் மிதி தம்பி, மிதி தம்பி என்பார்கள்” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் வழக்கின் சாரம் முழுவதும் இருக்கிறது.

காமிராவுக்குத் தெரியாதவர்

காமிரா வண்டியைப் பார்க்கிறது, எண்ணைப் பார்க்கிறது, வேகத்தை அளக்கிறது. அந்த வேகம் எங்கே பிறந்ததென்பதை அது பார்ப்பதில்லை. அது சாலையில் பிறக்கவில்லை. தொழிற்சாலையின் வாசலில், கடிகாரத்துக்குக் கீழே பிறந்தது. அபராதமோ மூன்று கைகள் மாறி, வேன் ஓட்டியின் சம்பளத்தில் வந்து விழுகிறது. அவசரம் ஒருவருடையது; அபராதம் மற்றொருவருடையது. இது எந்த ஊர் நியாயம்?

சட்டம் இதை அறியாமல் இல்லை என்பதே நாம் வாசகர்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது. எந்த 183ஆவது பிரிவைக் காட்டி நாம் அன்று தப்பித்தோமோ, அதே பிரிவில், வேகமாக ஓட்டுபவரை மட்டுமல்ல, தம்மிடம் வேலை செய்பவரை அவ்விதம் ஓட்டச் செய்பவரையும் குற்றவாளி என்று கூறியிருக்கிறது. அதற்கு மேலும் ஒரு படி செல்கிறது. இன்ன நேரத்துக்குள் இந்தப் பிரயாணத்தை முடிக்கவேண்டும் என்று ஒருவர் கால அட்டவணை வெளியிட்டாலோ, உத்தரவிட்டாலோ, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் போய்ச் சேருவது சாத்தியமில்லை என்று கோர்ட்டு கருதுமானால், அந்த அட்டவணையே, அந்த உத்தரவே, அவர் குற்றம் செய்தாரென்பதற்கு முதற்பார்வைச் சாட்சியமாகும். இருபது வருஷங்களுக்கு முன்பு நாம் நமக்கு வேண்டிய வரியை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டோம். அடுத்த வரியையும் படித்திருக்கவேண்டும்.

அவசரத்தை உண்டாக்கியவரே அதற்கு ஈடு செய்யவேண்டும் என்று கேட்பது இந்தப் பிரதேசத்துக்குப் புதிதன்று. பாலாற்றின் நீர் தோல் பதனிடும் சாலைகளின் கழிவால் கெட்டபோது, வேலூர் குடிமக்கள் நல மன்றத்தார் 1991ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றார்கள். 1996ஆம் வருஷம் ஆகஸ்டு 28ஆம் தேதி வெளியான தீர்ப்பில், மாசு செய்தவனே அதன் நஷ்டத்தை ஈடு செய்யவேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று கோர்ட்டு கூறிற்று. வடஆற்காடு முதலிய ஐந்து ஜில்லாக்களின் தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. இன்று இந்தியா முழுவதிலும் சட்ட மாணவர்கள் அந்த வழக்கை வேலூரின் பெயரால் படிக்கிறார்கள். ஆற்றில் கலந்த கழிவுக்கு எந்த நியாயம் செல்லுமோ, சாலையில் கலக்கும் அவசரத்துக்கும் அதே நியாயம் செல்லவேண்டும்.

தொழிலதிபர்கள் ஒரு ஆக்ஷேபம் கூறக்கூடும். “வேலை நேரமென்று ஒன்று இல்லாமல் தொழில் நடக்குமா? குறித்த நாளில் கப்பலேறாத சரக்குக்கு வெளிநாட்டார் பணம் கொடுப்பார்களா?” என்பார்கள். உண்மை. இந்தத் தொழிலினால் இம்மூன்று ஜில்லாக்களிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன. அதற்குக் கேடு வரவேண்டுமென்று நாம் விரும்பவில்லை. நாம் கேட்பது வெகு சொற்பம். வேன் புறப்படும் நேரத்தையும், ஏற்றவேண்டிய ஊர்களையும், தூரத்தையும் ஒரு காகிதத்தில் எழுதி, வேக வரம்புக்குள் அது சாத்தியமா என்று வகுத்துப் பாருங்கள். சாத்தியமில்லையெனில், இன்னொரு வேன் விடுங்கள். அல்லது வேன் தாமதத்துக்காகப் பெண்களின் கூலியில் கை வைக்காதிருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு இதைவிட அதிக விலை கொடுக்கத் தேவையில்லை.

மற்றொரு சாரார், “இந்தச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கோர்ட்டுக்குப் போனால், கோர்ட்டு வேறு வேலை பார்க்க முடியுமா?” என்று கேட்பார்கள். செய்த குற்றத்தை ஒப்புக்கொள்ளுபவர்கள் ஒழுங்காக ஒப்புக்கொண்டால், செய்யாதவர்களின் வழக்கைக் கேட்கக் கோர்ட்டுக்குத் தாராளமாக நேரமிருக்கும். நமது பழைய வழக்கைப் போன்றவைதாம் நியாயஸ்தலத்தின் பொழுதை விழுங்குகின்றன.

ஆகையால் வாலிபர்களுக்கு நாம் சொல்வது இது. அறிவிப்பு வந்ததும் முதலில் உங்களையே விசாரியுங்கள். “நான் எவ்வளவு வேகத்தில் சென்றேன்?” இந்தக் கேள்விக்கு மெய்யான பதிலைச் சொல்லிக்கொண்ட பிறகு, சர்க்காரை விசாரியுங்கள். “படம் எங்கே? அளவு எங்கே? பலகை எங்கே? கருவியின் சான்று எங்கே?” பிறகு வேலை கொடுத்தவரை விசாரியுங்கள். “என்னை ஓடச் சொன்னது யார்?” மூன்று கேள்விகளையும் இந்த வரிசையில் கேட்பவன் எந்தக் கோர்ட்டிலும் தலை நிமிர்ந்து நிற்கலாம். முதல் கேள்வியை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் கேட்பவன், நம்மைப் போல வழக்கில் ஜெயித்து வீட்டில் தோற்பான்.

அந்த வாலிபர் முதல் அபராதத்தைக் கட்டிவிட்டார். இரண்டாவதை மறுத்து மனுக் கொடுத்திருக்கிறார். அது விசாரணையில் இருப்பதால் அதைப்பற்றி மேலும் எழுதுவது முறையன்று. கூலியில்லாமல் போகும் நாட்களைப்பற்றி அவருக்கு இன்னும் கவலை தீரவில்லை. ஆனால் வேன் சொந்தக்காரர் நமது காரியாலயத்துக்கு ஆளனுப்பி, 183ஆவது பிரிவின் நகல் ஒன்று கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். அனுப்பி வைத்தோம். அடுத்த வரியையும் படிக்கும்படி அடிக்கோடிட்டு அனுப்பியிருக்கிறோம்.